சீட்டில் மில் வேலை என்று எழுதச் சொன்னேன்

லில்லி, எஸ்தர், உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பிழை இருந்தால் லில்லி திருத்திக்கொள்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைப் பற்றி நீங்கள் ஆளுக்கொன்றாகப் பேசிக்கொள்வதைப் போன வாரம் கேட்டேன். அப்பாவுக்கு நெஞ்சில் ஓட்டை விழுந்தது என்கிறாள் எஸ்தர். சயரோகம் வந்து கர்த்தருடைய கிருபையால் நீங்கியது என்கிறாள் லில்லி. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, முழுக்க இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். எனக்கு வெட்கமான ஒரு காரியமும் இதில் வரும். அதை விட்டுவிட்டு எழுதினால் இதை எழுதவே வேண்டியதில்லை.

யுத்தம் வந்து சீமை மத்தாப்பு நின்றுபோனபோது நம் பக்கத்தில் ஆளாளுக்குக் கொட்டகை போட்டுக் கம்பி மத்தாப்பு செய்தார்கள். இராஜபாளையத்துக்கு மேற்கே மாந்தோப்புக்குள் இருந்த ஒரு கொட்டகையில் எனக்கு வேலை. கம்பியைப் பசையில் முக்குவது பெண்கள் வேலை. நாற்பது பேர் இருந்தார்கள். நானும் வெங்கு ராஜாவும் வெள்ளிப்பொடி சலிப்போம். அவர் வீட்டில் தெலுங்கு, தமிழ் பேசும்போதும் அது நடுவில் வந்து விழும். வெள்ளிப்பொடி என்று சொல்வோமே தவிர அது வெள்ளி இல்லை. அலுமினியத்தை மாவாக அரைத்தது. பம்பாயிலிருந்து தகர டப்பாவில் வரும். மத்தாப்பில் வெள்ளையாகப் பூ விழுவது அதனால்தான்.

அந்தப் பொடியை மல் துணியில் சலிக்கவேண்டும். சிறு காற்றடித்தாலும் பொடி பறந்துவிடும் என்பதால் சலிக்கிற அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவையும் அடைத்துவிடுவோம். ஈரம் பட்டால் பொடி சூடேறும் என்பதால் தரையில் தண்ணீர் தெளிக்கவும் கூடாது. கதவைத் திறந்து வெளியே வந்தால் நாங்கள் இருவரும் வேஷம் கட்டியவர்கள் போல மின்னுவோம். பெண்கள் சிரிப்பார்கள். சாயங்காலம் ஆளுக்கொரு வாழைப்பழமும் ஒரு துண்டு கருப்பட்டியும் முதலாளி கொடுப்பார். அதைத் தின்றால் தூசி வயிற்றோடு இறங்கிப் போய்விடும் என்று நம்பினோம். நெஞ்சுக்குள் போன தூசிக்கு வாழைப்பழம் என்ன செய்யும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சலித்துச் சலித்து மல் துணி நைந்துபோனால் அது சலித்தவனுக்குச் சேரும். அது எங்கள் கொட்டகை வழக்கம். பூப்போல மெதுவான துணி. எத்தனை முறை வெளுத்தாலும் சாம்பல் மினுக்கம் போகாது. அப்படிச் சேர்ந்த துணிகளை அடுக்கி உங்கள் அம்மா ஒரு துப்பட்டி தைத்தாள். எஸ்தர், உனக்கு அப்போது மூன்று வயது. வெள்ளித் துப்பட்டி என்று நீதான் பேர் வைத்தாய். அது இல்லாமல் தூங்கமாட்டாய்.

ஒரு வருஷமாகவே எனக்கு மூச்சு வாங்கியது. கோவிலுக்கு நடந்து போகையில் லில்லி முன்னால் போய் நின்று எனக்காகக் காத்திருப்பாள். வறட்டு இருமல், இரண்டிரண்டாக வரும். ஒரு நாள் காலையில் டப்பாவைத் தூக்கினேன். இடது விலாவுக்குள் கோணி ஊசியை ஏற்றியது போல ஒரு வலி. மூச்சு பாதியில் நின்றது. வெங்கு ராஜா என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து, முகத்தையும் கையையும் தேய்த்துக் கழுவி, வேட்டி சட்டையை மாற்றி, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய கரி பஸ்ஸில் ஏற்றினார். எனக்கு நினைவு இருக்கிறதா இல்லையா என்று கூடப் பாராமல் காதோடு சொல்லிக்கொண்டே வந்தார்.

"சாமியேலு, சூடு, இங்க பாரு. கொட்டகைன்னு வாயத் தொறக்காத. லைசென்சு இல்ல. கொட்டகை சாவி உன் இடுப்புல கெடக்கு. போலீசு வந்தா மொதலாளிய தேடமாட்டான், ஒன்னியத்தான் தேடுவான். நாப்பது பொம்பளைக வயித்துல மண்ணு. மில்லு வேலைன்னு சொல்லிரு."

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் சீட்டு எழுதினார். பேர், வயசு, ஊர் கேட்டார்.

"என்ன வேலை?"

"மில் வேலை."

"மில்லுல என்ன?"

"பஞ்சு அறையிலங்க."

ஒரு பொய் சொன்னால் அடுத்ததை அதுவே கேட்டு வாங்கிவிடும். அவர் எழுதிக்கொண்டார். உங்களுக்கு நான் மனப்பாடம் செய்வித்த பத்துக் கற்பனைகளில் ஒன்றை, பொய் சொல்லாதே என்பதை, அந்த மேஜைக்கு முன்னால் மீறினேன்.

டாக்டர் நடுவயதுக்காரர், மெல்லிய குரல். என் மார்பில் ஒரு கையை வைத்து மறு கை விரலால் தட்டினார். வலப்பக்கம் மண்பானை போலச் சத்தம். இடப்பக்கம் மத்தளம் போல. அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. அவர் சொன்ன பேர் நியூமோதொராக்ஸ். அதை எனக்குப் புரியும்படி சொன்னார்.

"நுரையீரலுக்கு மேல மெல்லிசா ஒரு தோல் இருக்கு. அது எங்கயோ கிழிஞ்சிருக்கு. நீங்க இழுக்கற காத்து அந்த வழியா வெளிய வந்து, மார்புக்கூட்டுக்குள்ள தங்கி, நுரையீரலையே அமுக்குது. ஊசி போட்டு அந்தக் காத்தை எடுக்கணும்."

விலா எலும்புகளுக்கு நடுவில் ஊசி இறங்கியது. ஊசியில் ஒரு ரப்பர் குழாய், குழாயின் மறுமுனை தண்ணீர்ப் பாட்டிலுக்குள். நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். பாட்டிலுக்குள் குமிழி குமிழியாக வந்தது. என் மூச்சு எனக்கு வெளியே கொதிப்பதைப் பார்த்தேன். குமிழி நின்றால் நானும் நின்றுவிடுவேனோ என்று பயம். நிற்கத்தான் வேண்டும், நின்றால்தான் நல்லது என்று நர்ஸ் சொன்னாள். அப்படியும் அது நின்றபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

வலி குறைந்தது. ஆனால் மூன்றாம் நாள் என்னைப் பின்பக்கத்து வராந்தாவுக்கு மாற்றினார்கள். அது சயரோகக்காரர்கள் படுக்கிற இடம். சயரோகத்தைத்தான் ஆஸ்பத்திரியில் டி.பி. என்பார்கள். நுரையீரலைக் கிருமி அரிக்கிற வியாதி. ஒருவர் இருமினால் பக்கத்தில் இருப்பவருக்கும் போகும். என்னைப் போல் இளைத்து, இருமி, நுரையீரல் கிழிந்து வருகிறவர்களில் பலருக்கும் அதுதான் இருக்குமாம். கோழையை ஒரு மூடி போட்ட கிண்ணத்தில் துப்பச் சொல்லி, அதைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துக் கிருமியைத் தேடுவார்கள். முதல் தரம் அகப்படவில்லை. இரண்டாம் தரமும் இல்லை. இல்லை என்றால் சந்தோஷப்படவேண்டாமா? கிருமி சில நேரம் ஒளிந்துகொள்ளும், இன்னொரு தரம் பார்ப்போம் என்றார்கள். அந்த இன்னொரு தரம் என்ற வார்த்தையில்தான் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் கூமாப்பட்டி மாடசாமி அண்ணாச்சி இருந்தார். நாலு ஏர் வைத்து உழுத சம்சாரி, இப்போது எலும்புதான். நான் கிண்ணத்தை மூடுவதைப் பார்த்து, "ஏ தம்பி, எம்புட்டு பதவிசா மூடுத. நெய்க்கிண்ணமா அது?" என்பார். சிரித்தால் எனக்கு விலா வலிக்கும். அவருக்கு இரத்தம் வரும். இருந்தாலும் சிரிப்பு மூட்டுவதை அவர் விடவில்லை.

பகலெல்லாம் நான் ஒன்றையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். எஸ்தருக்கு எத்தனை முறை முத்தம் கொடுத்திருக்கிறேன். என் தட்டிலிருந்து எத்தனை வாய் ஊட்டியிருக்கிறேன். லில்லிக்குப் பாடம் சொல்லித்தருகையில் எத்தனை முறை இருமியிருக்கிறேன். ஒவ்வொன்றாக நினைவு வரும்.

உங்கள் அம்மா ஞானம் ஒருநாள் விட்டு ஒருநாள் கரி பஸ்ஸில் ஏழு மைல் வந்தாள். கஞ்சியும் பருப்புத் துவையலும் கொண்டுவருவாள். டாக்டர் சொன்னபடி பத்தடி தள்ளி உட்காருவாள். உங்களை உள்ளே விடமாட்டார்கள். வெளியே புங்க மரத்தடியில் நிற்பீர்கள். லில்லி கையை ஆட்டுவாள். ஏழாம் நாள், எஸ்தர் இருமியது எனக்குக் கேட்டது. இரண்டு இருமல். செத்த நேரம் கழித்து மறுபடியும் இரண்டு. என் இருமலேதான், சின்ன தொண்டையில்.

"எப்ப இருந்து?" என்றேன்.

"அது கெடக்கு, நீங்க கஞ்சியக் குடிங்க."

"ஞானம், எப்ப இருந்துன்னு கேக்கேன்."

"ஒரு மாசமா லேசா இருந்துச்சு. நீங்க வந்த பொறவு கூடிருச்சு. காலைலதான் ரொம்ப." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அன்று நான் கஞ்சி குடிக்கவில்லை. என் பிள்ளைக்கு நான் வியாதியைக் கொடுத்துவிட்டேன் என்று தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

எட்டாம் நாள் வெங்கு ராஜா ஆரஞ்சுப்பழத்தோடு வந்தார். வராந்தா ஓரத்தில் நின்று, "சொல்லிரலயே?" என்றார்.

"இல்ல."

"மொதலாளி ரொம்ப வெசாரிச்சாரு."

"என்னையா, சாவியையா?"

"ஒத்து, ஒத்து, அப்படிப் பேசாத," என்று தலையை அசைத்தார். இரண்டு படி இறங்குவதற்குள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். நான் அதைப் பார்த்தேன். அவருக்கும் என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அவ்வளவுதான் எனக்குப் புத்தி.

ஒன்பதாம் நாள் எக்ஸ்ரே படம் எடுக்க மதுரைக்கு அனுப்பினார்கள். ரயிலில் விருதுநகர் போய் மாறவேண்டும். உங்கள் அம்மா கூட வந்தாள். இருட்டறையில் சில்லென்ற பலகையில் மார்பை ஒட்டி நிற்கச் சொன்னார்கள். மூச்சை இழுத்துப் பிடி என்றார்கள். இழுத்தேன், பிடிக்க முடியவில்லை. மூன்று தரம் முயன்றோம். மறுநாள் திரும்பி வந்தபோது மாடசாமி அண்ணாச்சி கட்டிலில் இல்லை. அவருடைய மெத்தை வெயிலில் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. யாரிடமும் நான் எதுவும் கேட்கவில்லை. கிண்ணத்தை அன்று நான் மூடாமலே வைத்தேன்.

பதினோராம் நாள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"சயரோகம்னா இப்படி இருக்காது. ரெண்டு பக்கமும் மேல வலை பின்னின மாதிரி இருக்கு. கோழையில மூணு தரமும் கிருமி இல்ல. பஞ்சுத் தூசியும் இப்படிப் பண்ணாது. மில்லுல பஞ்சு அறைதானா?"

"ஆமாங்க."

அவர் என் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் மினுக்கம் இருந்தது. நான் கையை மடக்கிக்கொண்டேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். கேட்காமல் போனதும் இன்னும் பயந்தேன்.

மத்தியானம் அம்மா வந்தாள். வழக்கம்போலத் தள்ளி உட்கார்ந்து வீட்டுக் கதை சொன்னாள்.

"உங்க பாயையும் தலகாணியையும் கொல்லையில வச்சு எரிச்சுட்டேன். டாக்டர் சொன்னாருல்லா. எரியயில பாருங்க, அப்படியே மத்தாப்பு. பூப்பூவாத் தெறிக்கு. எஸ்தர் கையத் தட்டி ஆடுதா, அப்பா பாய் மத்தாப்பு விடுதுன்னு. அக்கம்பக்கமெல்லாம் எட்டிப் பாத்தாவ."

அவள் சிரிக்கத்தான் சொன்னாள். நான் ஒரு கைப்பிடி பொடி கூட வீட்டுக்குக் கொண்டுவந்தவன் இல்லை. குளித்துவிட்டுத்தான் படுப்பேன். என் தலைமயிரிலும் தோலிலும் ஒட்டி வந்ததே மத்தாப்பாக எரிகிற அளவு பாயில் சேர்ந்திருக்கிறது. அப்படியானால் அந்தப் பொடியே சலித்த துணி?

"எஸ்தர் எதுல படுக்கா?"

"வேற எதுல? வெள்ளித் துப்பட்டியிலதான். நீங்க இல்லன்னு தலையோட மூடிக்கிட்டுத் தூங்குதா. காலைல பாத்தா கன்னமெல்லாம் மினுங்குது."

நான் எழுந்து நின்றேன். புங்க மரத்தடியில் நீ நின்றாய் எஸ்தர். இலைக்கு நடுவே வெயில் விழுந்து உன் கன்னத்தில் ஒரு புள்ளி மின்னியது. ஏழாம் நாளும் நான் அதைப் பார்த்திருந்தேன். கண்ணீர் என்று நினைத்திருந்தேன்.

துப்பட்டியை எடுத்துவிடச் சொன்னால் மட்டும் போதாது. உன் நெஞ்சைப் பார்க்கவேண்டும். என்ன தூசி என்று டாக்டருக்குத் தெரிந்தால்தானே பார்ப்பார். தெரியவேண்டுமென்றால் நான் சொல்லவேண்டும். நாற்பது பெண்கள் என் கண்முன்னே வந்தார்கள். ஜெயில் கதவும் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் ஒரு நிமிஷம் யோசித்தேன்.

பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு டாக்டர் அறை வரை நடந்தேன். முப்பதடி இருக்கும். மூன்று இடத்தில் நின்றேன்.

"அய்யா, நான் மில் ஆள் இல்ல. அலுமினியப் பொடி சலிக்கிறவன். கதவ அடச்ச அறையில, மூணு வருஷமா. எம் பிள்ளை அந்தத் துணியிலதான் படுக்கா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மொத நாளே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கல் உடைக்கிறவர்களுக்கும் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும் என்று சொன்னார். தழும்பான இடம் விரியாது, அதனால் மூச்சு கொள்ளாது, சில நேரம் கிழிந்தும் போகும். "அலுமினியத்துல நான் பாத்ததில்ல. அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இனி அந்த அறைக்குள்ள கால் வைக்காதீங்க. பிள்ளையை உள்ள கூப்பிடுங்க."

"தொடலாமாங்க?" என்றேன்.

"தொடுங்க. இது ஒட்டாது."

பதினோரு நாளைக்குப் பிறகு உன்னைத் தூக்கினேன். தூக்க முடியவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன். உன் கன்னத்தை என் வேட்டி நுனியால் துடைத்தேன். துடைத்தது உனக்கு எரிந்திருக்கும். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

துப்பட்டியையும் எரித்துவிடுகிறேன் என்று அம்மா புறப்பட்டாள். தீயும் கூடாது, தண்ணீரும் கூடாது என்று தடுத்தேன். அவள் அதை உதறாமல் மடித்து மண்பானைக்குள் வைத்து, வாயைக் களிமண்ணால் மூடி, கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில் ஆழமாகப் புதைத்தாள். சலவைக்காரர் தொலைத்துவிட்டார் என்று உன்னிடம் சொன்னோம். நீ அவரோடு ஒரு வருஷம் பேசவில்லை. அது நாங்கள் சொன்ன இரண்டாவது பொய். அவர் மேல் தப்பில்லை.

போலீஸ் யாரும் வரவில்லை. நான் சொல்லிவிட்டேன் என்று கேள்விப்பட்டு முதலாளியே கொட்டகையைப் பிரித்துவிட்டார். வேலை போன பெண்கள் குழாயடியில் அம்மாவிடம் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் கோபத்தில் தப்புச் சொல்ல என்னால் முடியாது. வெங்கு ராஜா கோபமாகத்தான் வந்தார். "ஏமய்யா, வாய வச்சுக்கிட்டு இருக்க முடியலயா?" என்றார். நான் என் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "எனக்கும் இப்படித்தான் இருக்குமோ?" என்று கேட்டார். டாக்டரிடம் போகச் சொன்னேன். போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த சித்திரையில் ஒரு காலைப்பொழுதில் வலி வந்தது. பஸ் வருவதற்குள் போய்விட்டார்.

எஸ்தர், உன் இருமல் துப்பட்டி போன மூன்றாவது வாரத்தில் நின்றது. மதுரையில் உனக்கும் படம் எடுத்தோம். சின்னச் சின்ன விலா எலும்புகள், புதுச் சீப்பு மாதிரி. நடுவில் வலை எதுவும் இல்லை. டாக்டர், "இன்னைக்குச் சுத்தமா இருக்கு. பின்னால எதுவும் வராதுன்னு என்னால எழுதித்தர முடியாது," என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் அம்மாவிடம் கூடச் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன். இனி என்னிடம் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

எனக்குப் போன மூச்சு திரும்பவில்லை. மாதா கோவில் தெருவைக் கடக்க இரண்டு இடத்தில் உட்காருகிறேன். நீங்கள் யாராவது இருமினால் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு அடுத்த இருமலுக்காகக் காது கொடுத்துக் காத்திருக்கிறேன். அது என் வழக்கமாகிவிட்டது. நீங்கள் சளி பிடித்துச் சாதாரணமாக இருமினாலும் அப்படித்தான்.

ஆஸ்பத்திரிச் சீட்டு என் வேதபுத்தகத்துக்குள் இருக்கிறது. மில் வேலை என்று கம்பவுண்டர் எழுதியதை டாக்டர் ஒரு கோடு போட்டு அடித்து, அதற்கு மேலே அலுமினியப் பொடி சலித்தவர் என்று தன் கையால் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே, நான் கேட்டுக்கொண்டதன் பேரில், மகளும் அந்தத் துணியில் இரண்டு வருஷம் படுத்தவள் என்று எழுதினார். எஸ்தர், நீ பெரியவளாகி எந்த ஊருக்குப் போனாலும் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போ. நெஞ்சு வலி என்று எந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலும், அவர் கேட்பதற்கு முன்னால் அதை எடுத்து மேஜை மேல் வை. கேட்கவில்லையென்றாலும் வை. லில்லி, அவள் மறந்தால் நீ வை.